கொழுந்துக்கு இல்லாத வரி வட்டிக்கு எதற்கு?

குன்னூரில் ஏப்ரல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு சீசன். உள்ளூர்ப் பெரியவர்களுக்கு அது ஃபாரம் கொடுக்கும் மாதம். வங்கிக் கதவு திறப்பதற்கு முன்பே ஸ்வெட்டரும் மப்ளருமாகப் பத்துப் பதினைந்து பேர் படிக்கட்டில் நிற்பார்கள். கையில் பாஸ்புக், பான் கார்டு நகல், போன வருடம் யாரோ நிரப்பிக்கொடுத்த ஃபாரத்தின் ஜெராக்ஸ். 2025-ல் அறுபது தாண்டியவர்களுக்கு 15எச், தாண்டாதவர்களுக்கு 15ஜி. ‘எனக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை, என் வட்டியில் கை வைக்காதீர்கள்’ என்று எழுதிக்கொடுக்கும் காகிதம் அது. ஒரு தடவை கொடுத்தால் போதாது. வருடா வருடம் கொடுக்க வேண்டும். போன வருடம் இல்லாத வருமானம் இந்த வருடம் முளைத்திருக்காதா என்ற சந்தேகம் அரசாங்கத்துக்கு.

2025 ஏப்ரலில் என் அம்மாவின் 15எச்சுடன் நானும் அந்த வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கு 59 வயது. இலங்கையின் தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது எட்டு வயதுப் பிள்ளை. பிறகு முப்பது வருடம் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர். 58 ஆனதும் எஸ்டேட் ஆள்பதிவான செக்ரோலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். சர்வீஸ் பணம் இரண்டு லட்சம் சொச்சம், பி.எஃப்., இறந்துபோன கணவரின் பி.எஃப். எல்லாம் சேர்த்து எட்டு லட்சம். மகளின் யோசனைப்படி அப்படியே ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டார். ஏழு சதவீத வட்டி. வருடத்துக்கு 56,000.

பாஸ்புக்கை என்னிடம் நீட்டினார். ‘தம்பி, இதுல அய்யாயிரத்து அறுநூறு எங்க போச்சுன்னு பாருங்க.’

மூன்று ஆங்கில எழுத்துகளுக்கு எதிரே அந்தத் தொகை இருந்தது. டி.டி.எஸ். 2024-25-ல் அறுபது வயதுக்குக் குறைந்தவருக்கு ஒரு வங்கி 40,000 ரூபாய்க்கு மேல் வட்டி கொடுத்தால் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். 40,000-க்கு மேல் உள்ள தொகைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், மொத்த வட்டிக்கும். 2025 ஏப்ரல் 1 முதல் அந்த வரம்பு 50,000 ஆகியிருக்கிறது. அந்த அம்மாவுக்கு அதுவும் போதாது. அறுபது ஆகியிருந்தால் வரம்பு ஒரு லட்சம். பல எஸ்டேட்டுகளில் தொழிலாளிக்கு 58-ல் முதுமை வந்துவிடுகிறது, வருமான வரிச் சட்டத்தில் 60-ல்தான் வருகிறது. நடுவில் இருக்கும் இரண்டு வருடம் யாருடைய கணக்கிலும் இல்லை.

எங்களுக்குப் பின்னால் பக்கத்து ஹட்டியிலிருந்து வந்த படுகர் பெரியவர் ஒருவர் நின்றார். இரண்டு ஏக்கர் தேயிலை. காதில் விழுந்ததும் சிரித்துவிட்டுச் சொன்னார்: ‘இலை வித்த காசுக்கு வரி இல்லீங்க. அந்தக் காசு குட்டி போட்டா அதுக்கு வரி.’

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியிலிருந்துதான் பிறந்தது.

சென்னை கவர்னர் வேலையிழந்த கதை

பெரியவர் சொன்னது சட்டப்படி சரி. பச்சைத் தேயிலை விற்று வரும் பணம் விவசாய வருமானம். மத்திய அரசு அதைத் தொட முடியாது. அரசியல் சட்டமே அந்த அதிகாரத்தை மாநிலத்துக்குக் கொடுத்துவிட்டது. சொந்தத் தோட்டத்து இலையைச் சொந்த ஃபேக்டரியில் தூளாக்கி விற்கும் பெரிய கம்பெனிக்கும் ஒரு கணக்கு உண்டு. லாபத்தில் 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் தொழில் என்று விதி பிரிக்கிறது. மத்திய வருமான வரி அந்த நாற்பதுக்கு மட்டும். ஆனால் வங்கியில் கிடக்கும் தேயிலைப் பணத்தின் வட்டி ‘பிற வகை வருமானம்’. அதில் அறுபதும் கிடையாது, நாற்பதும் கிடையாது. நூறும் வரிக்குள். போதாக்குறைக்கு, வட்டி போன்ற வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டிவிட்டால், வரி இல்லாத அந்த விவசாய வருமானத்தையும் கூட்டிப் பார்த்துத்தான் எந்த விகிதம் என்று முடிவு செய்வார்கள்.

சிறு விவசாயியைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்றுமில்லை. நீலகிரியில் இண்ட்கோசர்வ் கூட்டமைப்பின் கீழ் 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இருந்தும், இலைக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டும் என்று 2023-ல் உண்ணாவிரதப் பந்தல் போட வேண்டியிருந்தது. வரி விலக்கு இருக்கிறது, வரி போடும் அளவுக்கு வருமானம்தான் இல்லை. நான் கேட்பது வேறு. நிலத்துக்கும் வட்டிக்கும் இந்த வித்தியாசம் எப்படி வந்தது?

1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் கஜானா காலியாகிக் கிடந்தது. அதை நிரப்ப லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் வந்தார். தொப்பி செய்து விற்றவர், பிறகு ‘தி எகானமிஸ்ட்’ பத்திரிகையைத் தொடங்கியவர். 1860-ல் அவர் கொண்டுவந்த வருமான வரி நான்கு வகை வருமானத்தைப் பிடித்தது: நிலம், தொழில், கடன்பத்திர வட்டி, சம்பளம். அன்றைக்கு விவசாயியும் தப்பவில்லை. பலமான எதிர்ப்பு சென்னையிலிருந்துதான் கிளம்பியது. எதிர்த்தவர் கவர்னர் சர் சார்லஸ் டிரெவல்யனே. புது வரி வேண்டாம், ராணுவச் செலவைக் குறையுங்கள் என்று குறிப்பு எழுதினார். எழுதியதோடு நிற்காமல் பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டார். லண்டன் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. வில்சன் அதே வருடம் ஆகஸ்டில் கல்கத்தாவில் காலமானார். சில வருடங்களில் டிரெவல்யன் இந்திய நிதிப் பொறுப்புக்கே திரும்பி வந்து உட்கார்ந்தார். 1865-ல் அந்த வரி காலாவதியானது. வரியை எதிர்த்து வேலை இழந்தவரின் காலத்திலேயே வரி ஒழிந்த கதை வேறு எங்கே நடந்திருக்கிறது என்று தெரியவில்லை.

1886-ல் நிரந்தரமான சட்டம் வந்தது. ஏற்கெனவே நிலவரி கட்டும் விவசாயியிடம் இன்னொரு வரி கேட்பது நியாயமா என்ற கேள்விக்குப் பதிலாக விவசாய வருமானம் விலக்கப்பட்டது. ‘ஒரே பணத்துக்கு இரண்டு வரியா?’ என்ற வாதம் அன்றைக்கு நிலத்துக்குச் செல்லுபடியானது. சம்பளத்துக்கு வரி கட்டி, மிச்சத்தைச் சேமித்து, அந்தச் சேமிப்பின் வட்டிக்கும் வரி கட்டுபவர் அதே கேள்வியைத்தான் இன்றும் கேட்கிறார். அவருக்குச் செல்லுபடியாகவில்லை.

அந்தக் கேள்வி சரியானதா? முழுக்கச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். அசலுக்கு வரி கட்டியாயிற்று, உண்மை. ஆனால் வட்டி புது வருமானம். கடைக்காரர் வரி கட்டிய பணத்தில்தான் சரக்கு வாங்குகிறார். அதற்காக லாபத்துக்கு வரி வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. ‘இரட்டை வரி’ என்ற புகாரை ஓரமாக வைத்துவிடலாம். இதைவிடப் பலமான புகார் ஒன்று இருக்கிறது.

பங்களாவுக்குத் தெரிந்த விலைவாசி பாஸ்புக்குக்குத் தெரியாதா?

பத்து லட்சம் ரூபாயை ஏழு சதவீதத்தில் போட்டிருக்கிறீர்கள். வருடக் கடைசியில் 70,000 வட்டி. நீங்கள் இருபது சதவீத அடுக்கில் வரி கட்டுபவர் என்றால் செஸ்ஸும் சேர்த்து 14,560 போகும். கையில் 55,440. அந்த வருடம் விலைவாசி ஐந்து சதவீதம் ஏறியது என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சத்துக்குப் போன வருடம் வாங்கியதை இந்த வருடம் வாங்க பத்தரை லட்சம் வேண்டும். அதாவது 70,000 வட்டியில் 50,000 ரூபாய் உங்கள் அசல் கரையாமல் இருப்பதற்கான ஈடு. அது வருமானமே இல்லை, ஓட்டைக்கு ஒட்டுப் போட்ட பணம். உண்மையில் நீங்கள் சம்பாதித்தது 20,000. அதற்குக் கட்டிய வரி 14,560. சட்டப் புத்தகத்தில் இருபது சதவீதம் என்று எழுதியிருக்கிறது, உங்கள் கணக்கில் அது 72.8 சதவீதம்.

முப்பது சதவீத அடுக்கில் இருப்பவருக்கு இன்னும் வேடிக்கை. வரி 21,840. மிச்சம் 48,160. விலைவாசி தின்றது 50,000. பணத்தைப் பூட்டி வைத்து, வட்டி வாங்கி, வரி கட்டி, வருடக் கடைசியில் 1,840 ரூபாய் ஏழையாகியிருக்கிறார்.

ஐந்து சதவீதம் என்பது நான் தாராளமாக எடுத்துக்கொண்ட எண். நாட்டின் சில்லறை விலைவாசி உயர்வு 2022-23-ல் சராசரி 6.7 சதவீதம், 2023-24-ல் 5.4, 2024-25-ல் 4.6. இன்னும் பின்னால் போனால் 2009-10. தொழிலாளர்களுக்கான விலைவாசிக் குறியீடு அந்த வருடம் 12 சதவீதத்துக்கு மேல் ஏறியது. பெரிய வங்கிகளில் டெபாசிட் வட்டி எட்டைத் தாண்டவில்லை. வரி கட்டுவதற்கு முன்பே நஷ்டம். அந்த நஷ்டத்துக்கும் ‘வட்டி வருமானம்’ என்று பெயர் சூட்டி வரி வாங்கினார்கள்.

சட்டத்துக்கு விலைவாசி தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வருடமும் அரசாங்கமே செலவுப் பணவீக்கக் குறியீடு என்று ஒரு எண் வெளியிடுகிறது. 2001-02-ல் அது 100. 2024-25-ல் 363. விலைவாசி உயர்வில் முக்கால் பங்கை மட்டும் வைத்துப் போடும் கணக்கு இது, அதற்கே இந்த உயரம். மேல் குன்னூரில் 2001-02-ல் பத்து லட்சத்துக்கு பங்களா வாங்கியவர் அதை விற்கும்போது, வாங்கிய விலையை 36.3 லட்சம் என்று எழுதிக்கொண்டு, அதற்கு மேல் வந்ததற்கு மட்டும் வரி கட்டலாம். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் இந்தச் சலுகையை நீக்கினார்கள். நாடெங்கும் கூச்சல். இரண்டு வாரத்தில் இறங்கி வந்து, அந்தத் தேதிக்கு முன்னால் வாங்கிய வீடு, நிலத்துக்குக் குறியீட்டோடு 20 சதவீதமோ, குறியீடு இல்லாமல் 12.5 சதவீதமோ, எது குறைவோ அதைக் கட்டலாம் என்று திருத்தினார்கள்.

அதே 2001-ல் பத்து லட்சத்தை டெபாசிட்டில் போட்டு, வட்டியை மட்டும் எடுத்துச் சாப்பிட்டுவந்தவரின் அசல் இன்றும் பத்து லட்சம். அவருக்கு 363 இல்லை. ஒரு காலத்திலும் இருந்ததில்லை. பாஸ்புக் வைத்திருப்பவர்கள் கூச்சல் போட்டு நான் பார்த்ததில்லை. வரிசையில் நின்று ஃபாரம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

பங்குச் சந்தைக்காரர் கதையும் இதோடு ஒட்டியதுதான். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கை விற்றால் முதல் 1.25 லட்சம் லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். வட்டிக்கு உங்கள் அடுக்கு எதுவோ அது, முப்பது வரைக்கும். துணிந்தவருக்குச் சலுகை, பயந்தவருக்கு முழு விலை. 2024-ல் டெபாசிட் வேகமாக வளரவில்லை என்று வங்கிகள் கவலைப்பட்டபோது, ஸ்டேட் வங்கியின் அன்றைய தலைவர் தினேஷ் காராவே வட்டிக்கான வரியில் ஏதாவது நிவாரணம் கொடுத்தால் நல்லது என்று கேட்டார். அவர் கேட்டது வங்கிக்காக. ஆனாலும் கேட்டாரே.

இந்து நகரும் அரவங்காடும்

நீலகிரியில் வட்டியை நம்பி வாழ்பவர்கள் யார் என்று தெரிய வேண்டுமானால் ஊட்டி இந்து நகருக்குப் போக வேண்டும். ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் அங்கேதான் இருந்தது. 1960-ல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம். ‘இந்து’ என்ற பெயரில் அது தயாரித்த எக்ஸ்ரே ஃபிலிமும் சினிமா ஃபிலிமும் நாடெங்கும் போயின. முதலில் வெளிநாட்டு ஃபிலிம் வந்தது, பிறகு ஃபிலிமே வேண்டாத காலம் வந்தது. 2014-ல் விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ஆட்கள் வெளியே வந்தார்கள்.

பென்ஷன்? பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தின் சூத்திரம் எளிது. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் அந்தக் காலத்து உச்சவரம்பு 6,500 ரூபாய். அதை முப்பது வருட சர்வீஸால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 2,786. இதற்கு அகவிலைப்படி கிடையாது. விதித்தது விதித்ததுதான். ஆக, விருப்ப ஓய்வுத் தொகையின் வட்டிதான் அவர்களுக்கு நிஜமான பென்ஷன்.

2014-ல் பெரிய வங்கிகள் ஒன்பது சதவீதம் கொடுத்தன. இருபது லட்சம் போட்டவருக்கு மாதம் 15,000. அதே வங்கியில் அதே இருபது லட்சத்துக்கு 2020-ல் 5.4 சதவீதம், மாதம் 9,000. அந்த 2020-21-ல் விலைவாசி ஏறியது 6.2 சதவீதம். நியாயமாகச் சொன்னால் இந்த மனிதரை முதலில் அடித்தது வரி இல்லை, வட்டி விகிதம். வரி வரம்புக்குக் கீழேதான் அவர் இருந்திருப்பார். ஆனாலும் 2014-ல் வட்டி 10,000 தாண்டினாலே டி.டி.எஸ். பிடித்தார்கள். 2018 வரை அறுபது தாண்டியவருக்கும் அதே பத்தாயிரம்தான். விழுந்தவனை மாடு மிதித்த கதை.

மலை ரயிலில் ஏறி லவ்டேல், கேத்தி தாண்டினால் அரவங்காடு. வெடிமருந்துத் தொழிற்சாலை 1903-லிருந்து இருக்கிறது. அங்கே 2004-க்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெற்றவருக்கு அரசு பென்ஷன். வருடத்துக்கு இரண்டு தடவை அகவிலை நிவாரணம் ஏறும். அவர் வாங்கியதை நான் குறை சொல்லவில்லை, உழைத்து வாங்கியது. ஆனால் அவர் பென்ஷனும் இந்து நகர்க்காரரின் வட்டியும் சட்டத்தின் முன் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். பென்ஷன் ‘சம்பளம்’ என்ற தலைப்பில் வருவதால் புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு. வட்டி ‘பிற வகை’ என்பதால் கழிவு பூஜ்யம். விலைவாசிக்கு ஈடு கிடைப்பவருக்குக் கழிவும் கிடைக்கிறது. ஈடு கிடைக்காதவருக்கு அதுவும் இல்லை.

பழைய வரி முறையில் இருப்பவருக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டு. மூத்த குடிமக்களுக்கு வட்டியில் 50,000 வரை கழிவு, அருண் ஜேட்லி 2018-ல் கொண்டுவந்தது. மற்றவர்களுக்குச் சேமிப்புக் கணக்கு வட்டியில் மட்டும் 10,000, இது 2012-ல் வந்தது. அதற்கு முன்னால் வைப்புத்தொகை வட்டிக்கும் சேர்த்து 12,000 வரை விலக்கு இருந்தது. அதை 2005-ல் எடுத்தவர் ப.சிதம்பரம். வங்கி வட்டிக்கென்று எந்தக் கழிவும் இல்லாத ஏழு வருடங்கள் அப்படி வந்தவைதான். விலைவாசி பன்னிரண்டு சதவீதம் ஏறியதும் அந்த இடைவெளியில்தான். சண்முகம் செட்டியார், டி.டி.கே., சி.சுப்பிரமணியம், ஆர்.வெங்கட்ராமன், சிதம்பரம், நிர்மலா சீதாராமன் என்று நிதியமைச்சர் நாற்காலியில் தமிழ் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பாஸ்புக்கின் மொழிதான் அங்கே எட்டவில்லை.

புதிய வரி முறைக்குப் போனால் இந்த 50,000, 10,000 இரண்டும் போய்விடும். தப்பிப் பிழைத்திருப்பது ஒரு பழங்கால எச்சம் மட்டும்: அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் வட்டியில் 3,500 ரூபாய், கூட்டுக் கணக்கானால் 7,000.

டி.டி.கே. செய்துபார்த்த வைத்தியம்

சேமிப்பவனைத் தண்டிக்காமல் வரி வாங்க வழி இருக்கிறதா என்று யோசித்த நிதியமைச்சர் நம்மவரே. கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டர் 1956-ல் இந்தியாவுக்கு வந்து ஒரு அறிக்கை கொடுத்தார். ஒருவர் சமூகத்தின் பானையில் போடுவதைப் பார்த்து வரி போடாதே, பானையிலிருந்து எடுத்துச் செலவழிப்பதைப் பார்த்துப் போடு என்பது அவருடைய கட்சி. டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1957 பட்ஜெட்டில் செலவு வரியைக் கொண்டுவந்தார். உலகில் யாரும் செய்யத் துணியாததை இந்தியா செய்தது. 1958 ஏப்ரலில் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது டி.டி.கே. பதவியில் இல்லை, முந்த்ரா விவகாரத்தில் ராஜினாமா செய்திருந்தார். மொரார்ஜி தேசாய் 1962-ல் வரியை எடுத்தார். டி.டி.கே. திரும்பி வந்து 1964-ல் மறுபடி போட்டார். அவர் போனதும் 1966-ல் மறுபடி எடுத்தார்கள். வருமான வரிக்குப் பதிலாக வந்திருந்தால் சேமிப்பவருக்கு லாபமாக இருந்திருக்கும். வருமான வரியோடு சேர்த்து, பெரும் பணக்காரர்கள் மேல் மட்டும் போட்டதால் வசூலும் பெரிதாக இல்லை, வீட்டுச் செலவைக் கணக்கெடுக்கவும் முடியவில்லை.

அதற்காக வட்டிக்கு வரியே வேண்டாம் என்று மொத்தமாக விட்டுவிடலாமா? கூடாது. ஐந்து கோடி டெபாசிட் வைத்திருப்பவர் வருடத்துக்கு 35 லட்சம் வட்டி வாங்கி, ஒரு ரூபாய் வரி கட்டாமல் இருக்க, சம்பளம் வாங்கும் நர்ஸும் வாத்தியாரும் வரி கட்டுவதை எந்த மனசாட்சியும் ஒப்பாது. ஜப்பானில் சிறுசேமிப்பு வட்டிக்கு முழு விலக்கு இருந்தது. ஒரே ஆள் பல பெயரில் கணக்கு திறந்து பெருஞ்சேமிப்பைச் சிறுசேமிப்பாக்கினார். 1988-ல் அதை நிறுத்தி 20 சதவீதம் பிடிக்க ஆரம்பித்தார்கள். பிரிட்டன் 2016-லிருந்து நடுவழியில் போகிறது: சாதாரண வரிக்காரருக்கு முதல் 1,000 பவுண்ட் வட்டிக்கு வரி இல்லை, அடுத்த படியில் உள்ளவருக்கு 500, உச்சியில் உள்ளவருக்கு ஒன்றும் இல்லை. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. விலைவாசி தின்ற பங்கை ஒவ்வொரு கணக்கிலும் துல்லியமாகக் கழிக்க முடியாது என்றால், ஒரு தொகை வரை வட்டியை விட்டுவிடு. அதைப் புதிய வரி முறையிலும் கொடு.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும், வர வேண்டியதுதான். 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரியே இல்லையே, இனி யாருக்கு வலிக்கிறது? ஏழு சதவீதத்தில் 12 லட்சம் வட்டி வர ஒருவரிடம் 1.7 கோடி இருக்க வேண்டும். அது இருப்பவருக்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. வட்டி மட்டுமே வருமானமாக உள்ள சாதாரணருக்கு இன்று வரி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வலி இருப்பது இரண்டு இடத்தில். ஒன்று, நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டே மகள் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் சேமிக்கும் நடுத்தர வீடு. அவர்களுக்கு வட்டியின் ஒவ்வொரு ரூபாயும் மேல் அடுக்கில் விழுகிறது. அதே வீட்டில் அவசரத்துக்கு நகையை வைத்துக் கடன் வாங்கியிருப்பார்கள். அந்தக் கடனுக்குக் கட்டும் வட்டியைக் கழித்துக்கொள்ள முடியாது. வாங்கிய வட்டி வருமானம், கொடுத்த வட்டி அவரவர் பாடு. வியாபாரி அதே நகையைத் தொழிலுக்காக வைத்திருந்தால் கழித்துக்கொள்வார்.

இரண்டாவது இடம் வங்கிப் படிக்கட்டு.

வரியே இல்லாதவரின் வரி

எட்டு லட்ச ரூபாய் அம்மாவுக்குச் சட்டப்படி வரி ஒரு பைசா கிடையாது. அந்த 5,600 அவருடைய பணம். திரும்பக் கிடைக்கும். எப்படி? ரிட்டர்ன் ஃபைல் செய்ய வேண்டும். அதற்கு இணையதளம், கடவுச்சொல், மொபைலுக்கு வரும் ஓ.டி.பி., பெயர் பொருந்தும் வங்கிக் கணக்கு. ஃபைல் செய்துகொடுப்பவருக்கு ஐந்நூறோ ஆயிரமோ. தாமதமானால் அரசாங்கம் மாதம் அரை சதவீத வட்டியோடு திருப்பித் தரும். அந்த வட்டியும் வரிக்குரிய வருமானம்தான். இதை நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை, சட்டம் அப்படித்தான்.

அவருக்கு இன்னொரு கண்டம் இருந்தது, மயிரிழையில் தப்பியிருக்கிறார். பானும் ஆதாரும் இணைக்காதவர்களின் பான் 2023 ஜூலையிலிருந்து செயலிழந்துபோனது. செயலிழந்த பான் என்றால் பிடித்தம் பத்து இல்லை, இருபது சதவீதம். 15ஜி கொடுத்தும் பயனில்லை. இணைக்க ஆயிரம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், இரண்டிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். 1964 சாஸ்திரி–ஸ்ரீமாவோ ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டு, அந்தக் குடும்பங்களுக்காகவே 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்ட மலை இது. தாயகம் திரும்பியவர்களின் குடும்ப அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், பி.எஃப். சீட்டில் இன்னொன்று, ஆதாரில் மற்றொன்று என்பது இங்கே வீட்டுக்கு வீடு நடப்பது. கிளார்க் எழுதிய ஒரு ‘ள’கரம் பிசகினாலும் இருபது சதவீதம்.

அவர்களின் உறவுகள் தங்கிவிட்ட இலங்கையிலும் இதே ரோதனை. 2025 ஏப்ரலிலிருந்து அங்கே வட்டிக்குப் பிடித்தம் ஐந்திலிருந்து பத்து சதவீதமானது. வருட வருமானம் 18 லட்சம் இலங்கை ரூபாய்க்குள் என்றால் எழுதிக்கொடுத்துத் தப்பலாம். அங்கேயும் ஃபாரம்தான்.

எனக்குப் புரியாதது இதுதான். வங்கிகள் ஒவ்வொருவருக்கும் கொடுத்த வட்டி விவரம் வருமான வரித் துறையின் கணினிக்கு நேராகப் போகிறது. 2021 நவம்பரிலிருந்து வருடாந்தரத் தகவல் அறிக்கை என்ற பெயரில் அதை நமக்கே திருப்பிக் காட்டுகிறார்கள். எந்த பானில் எவ்வளவு வருமானம் என்று அவர்களுக்குத் தெரியும். சம்பளம் இல்லை, வியாபாரம் இல்லை, வருடத்துக்கு 56,000 வட்டி தவிர வேறு ஒன்றும் இல்லை என்று தெரிந்த ஒருவரிடம் முதலில் பிடித்துக்கொண்டு, ‘உன்னுடையது என்றால் வந்து கேள்’ என்பதற்கு வரி என்று பெயரா? கேட்கத் தெரியாதவர் விட்டுப்போகும் பணத்தில்தான் இந்த ஏற்பாடு சௌகரியமாக ஓடுகிறது. 1961 சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். அதில் பிரிவுகளின் எண்கள் வேறு, வாக்கியங்கள் எளிமை என்கிறார்கள். வட்டியில் முன்கூட்டிப் பிடிக்கும் பழக்கம் அதிலும் தொடர்கிறது.

அன்றைக்கு வரிசை நகர்ந்தது. கவுன்டரில் இருந்த இளைஞர் நல்ல மாதிரி. அந்த அம்மாவுக்கான 15ஜியை அவரே நிரப்பினார். மொத்த உத்தேச வருமானம் என்ற கட்டத்தில் 56,000 எழுதிவிட்டு, ‘வேற வருமானம் ஏதாவது இருக்குங்களாம்மா?’ என்று கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்தார். வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி இருப்பதாகச் சொன்னார். இளைஞர் சிரித்துக்கொண்டே கையெழுத்து போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் காட்டினார். அம்மா ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். கொழுந்து கிள்ளிய விரல்கள், நுனியில் கறை இன்னும் போகவில்லை.

‘இந்தப் பேப்பர் போதும்ல தம்பி, இனி பிடிக்க மாட்டீங்கள்ல?’

‘இந்த வருஷத்துக்குப் போதும்ங்கம்மா. அடுத்த ஏப்ரல்ல மறுபடி வரணும்.’

‘போனது?’

இளைஞர் என்னைப் பார்த்தார். நான் என் அம்மாவின் 15எச்சைப் பார்த்தேன்.